கத்தி நின்ற இடம்

தாடை எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் முதலில் தேடுவது சதவீதத்தைத்தான். எத்தனை பேர் பிழைக்கிறார்கள், எத்தனை வருடம் இருப்பார்கள் என்று. நான் பெத்தாலஜிஸ்ட். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே என் அன்றாட வேலை. ஆனாலும் உறவினர், நண்பர், நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் மூலமாவது அந்தக் கேள்வி என்னிடமும் வந்துவிடுகிறது. தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சதவீதம் வேண்டும் என்றால், தலை, கழுத்துப் பகுதி எலும்புகளில் வரும் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்குப் பெரிய தொகுப்பாய்வுகளில் ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு ஏறக்குறைய 60 சதவீதம். ஆனால் அந்த 60க்குள் ஒரே மாதிரி நோயாளிகள் இல்லை. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் சின்னக் கட்டியோடு வந்து முழுதாக அகற்றப்பட்டவரும் அதில் இருக்கிறார். மண்டையோட்டின் அடித்தளம் வரை பரவிய பிறகு வந்து, பாதி மட்டுமே எடுக்க முடிந்தவரும் இருக்கிறார். முதலாமவருக்கு 60 என்பது மிகக் குறைவு, இரண்டாமவருக்கு மிக அதிகம். இவர்களை எது பிரிக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். வாயின் உள்தோலில் தொடங்கி, பிறகு தாடை எலும்பை அரிக்கும் புற்றுநோய் வேறு. அது மிகவும் பரவலானது, பெரும்பாலும் புகையிலையோடும் மதுவோடும் தொடர்புடையது, கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். நான் பேசுவது எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோயைப் பற்றி. இது அரிது, காரணம் பெரும்பாலும் தெரியாது, கணுக்களுக்குப் போவது அபூர்வம். இவற்றில் முக்கியமானது ஆஸ்டியோசர்கோமா. காண்ட்ரோசர்கோமா, யூயிங் சர்கோமா, கார்டோமா ஆகியவையும் உண்டு. வாய்த்தோல் புற்றுக்கான எண்களை எலும்புப் புற்று நோயாளியின் குடும்பத்தார் படித்துப் பயப்படுவதையும், சில சமயம் தவறாக ஆறுதல் அடைவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்டியோசர்கோமா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முழங்காலுக்கு அருகே கட்டியோடு வரும் பதின்வயதுப் பிள்ளை. மொத்த ஆஸ்டியோசர்கோமாவில் 6 முதல் 10 சதவீதம் மட்டுமே தலை, கழுத்துப் பகுதியில் வருகிறது. அதிலும் பெரும்பாலானவை தாடைகளில். வருகிற வயதும் வேறு, பொதுவாக முப்பதுகளில். உயிரைப் பறிக்கும் விதமும் வேறு. காலில் வரும் நோய் நுரையீரலுக்குத் தாவிக் கொல்கிறது. தாடையில் வருவது பெரும்பாலும் அதே இடத்தில் திரும்ப வளர்ந்து கொல்கிறது. நுரையீரல் பரவல் இங்கேயும் உண்டு, ஆனால் காலோடு ஒப்பிட்டால் குறைவு, வந்தாலும் தாமதமாக வருகிறது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது. நோய் திரும்பி வருவது அதே இடத்தில் என்றால், முதல் அறுவையில் கத்தி எங்கே நின்றது என்பதே கேள்வி. அகற்றிய துண்டின் ஓரங்களில் புற்றுச் செல் இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் பார்த்து எழுதுவதை மார்ஜின் என்று சொல்வோம். தலை, கழுத்து ஆஸ்டியோசர்கோமாவைப் பற்றி வந்த ஆய்வுகளில் எத்தனையோ விஷயங்களில் கருத்து வேறுபாடு உண்டு. ஓரம் சுத்தமாக இருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதில் மட்டும் அநேகமாக எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. வயது, அளவு, கீமோ என்று மற்ற எதைச் சொன்னாலும் இதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

சுத்தமான ஓரம் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம்? காலில் கட்டியைச் சுற்றி நல்ல இடம் விட்டு வெட்டலாம். முகத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு பக்கம் கண், இன்னொரு பக்கம் நாக்கு, பின்னால் கழுத்துத் தமனி, மேலே மூளை. அதனால்தான் கட்டி எந்த எலும்பில் இருக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முக்கியமான காரணியாக வருகிறது. கீழ்த்தாடை நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள், மேல்தாடை நோயாளிகள் அதைவிடக் கொஞ்சம் மோசம், மண்டையோட்டு எலும்புகளில் வந்தவர்கள் அதைவிட மோசம். கட்டியின் குணம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. என் கணிப்பில் இடம் என்ற காரணிக்குள் பெருமளவு ஒளிந்திருப்பது மார்ஜின்தான். கீழ்த்தாடை தனியாக நிற்கும் தடித்த எலும்பு. ஒரு பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து அந்த இடத்தில் பொருத்தலாம். 1989இல் தாடைக்கு இந்த முறை விவரிக்கப்பட்ட பிறகு, அறுவை மருத்துவர்கள் தயங்காமல் அகலமாக வெட்டத் துணிந்தார்கள். மேல்தாடை அப்படியில்லை. மெல்லிய சுவர்கள், இடையே காற்றறைகள், பின்னால் மண்டையோட்டின் அடித்தளம். கட்டி சைனஸ் அறைக்குள் சத்தமில்லாமல் வளர்ந்து, வெளியே தெரியும்போது பல சுவர்களைத் தாண்டியிருக்கும்.

இங்கே வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். மென்திசுப் புற்றுநோய்களில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே ஓரத்தை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, இருபது முப்பது நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவோம். எலும்பை அப்படிச் சீவ முடியாது. அதை அமிலத்தில் அல்லது அதுபோன்ற கரைசலில் ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்தை நீக்கி மிருதுவாக்கிய பிறகுதான் வெட்டமுடியும். துண்டின் தடிமனைப் பொறுத்து அதற்கு நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள்கூட. ஆக, எலும்பின் வெட்டுமுனை சுத்தமா என்ற உறுதியான பதில் வரும்போது நோயாளிக்குப் புது எலும்பு பொருத்தி, தையல் போட்டு, வார்டுக்கே போயிருப்பார். மஜ்ஜையைச் சுரண்டி எடுத்தும் சுற்றியுள்ள மென்திசுவிலும் அறுவையின்போதே பார்ப்போம், அது பாதி பதில்தான். எனவே எலும்பில் எங்கே வெட்டுவது என்பதை முன்கூட்டியே ஸ்கேனில் முடிவு செய்தாகவேண்டும். எலும்பின் வெளிச்சுவர் எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதற்குச் சிடி, மஜ்ஜைக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதற்கு எம்ஆர்ஐ. இரண்டும் வேண்டும். எம்ஆர்ஐ இல்லாமல் எலும்பு அறுவைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும்.

ஒரு முறை எங்களுக்கு ஒரு தாடைத் துண்டு வந்தது. வேறொரு மருத்துவமனையில் அகற்றியது. எது முன்பக்கம், எது பின்பக்கம், எது நாக்கு இருந்த பக்கம் என்று காட்ட ஒரு தையல்நூல்கூடப் போட்டு அனுப்பவில்லை. ஓர் ஓரத்தில் கட்டி தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அது நோயாளியின் முகத்தில் எந்த இடம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மீண்டும் அறுவை செய்யவேண்டியவர்களும் கதிர்வீச்சு கொடுக்கவேண்டியவர்களும் எங்கே குறிவைப்பார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு நிமிடத்தில் போடக்கூடிய இரண்டு தையல் அது.

ஓரத்தில் கட்டி இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. முடிந்தால் மறுபடி வெட்டுவார்கள். முடியாவிட்டால் கதிர்வீச்சு. ஆஸ்டியோசர்கோமா கதிர்வீச்சுக்கு எளிதில் பணியாத நோய் என்று பெயர் வாங்கியது, அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2009இல் வெளியிட்ட 119 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், ஓரம் சந்தேகத்துக்குரியதாக இருந்தவர்களுக்கு அறுவையோடு கதிர்வீச்சும் சேர்த்தபோது உயிர்வாழ்வு தெளிவாகக் கூடியிருந்தது. ஓரம் சுத்தமாக இருந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. கதிர்வீச்சு எல்லோருக்கும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: மார்ஜின் ரிப்போர்ட் வரட்டும்.

அடுத்தது கீமோ. இதில்தான் சண்டை. கை, கால் ஆஸ்டியோசர்கோமாவின் கதை ஓரளவு தெளிவானது. கீமோவுக்கு முன்பு, காலையே எடுத்தும்கூட ஐந்தில் ஒருவர்தான் தப்பினார், மற்றவர்களை நுரையீரல் பரவல் கொண்டுபோனது. மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகள் வந்த பிறகு, பரவாத நிலையில் வந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர் தப்புகிறார்கள். சரி, அதையே தாடைக்கும் கொடுத்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. 1997ஆம் ஆண்டிலேயே இரண்டு தொகுப்பாய்வுகள் வெளிவந்தன. 201 நோயாளிகளைத் திரட்டிய ஒன்று கீமோ உயிர்வாழ்வைக் கூட்டுகிறது என்றது. 173 பேரைத் திரட்டிய இன்னொன்று அப்படிப் பலன் தெரியவில்லை என்றது. ஒரே வருடம், ஒரே நோய்.

இரண்டு தரப்பையும் நான் குறை சொல்லமாட்டேன். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு இந்த நோயில் ஆட்கள் சேரவில்லை. அதனால் கிடைப்பதெல்லாம் பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து எடுத்த தகவல். அதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டி பெரிதாக, கிரேடு (மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்களின் மூர்க்கம்) கூடுதலாக, ஓரம் சுத்தமில்லாமல் இருப்பவர்களுக்குத்தான் டாக்டர்கள் கூடுதல் சிகிச்சை கொடுத்திருப்பார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், கூடுதல் சிகிச்சை பெற்றவர்கள் சீக்கிரம் இறந்ததாகத் தெரியும். மருந்தா நோயா எது காரணம் என்று பிரிப்பது கடினம். 'கதிர்வீச்சு எடுத்தவர்கள் குறைவாக வாழ்கிறார்கள்' என்ற வரியை எங்காவது படித்துவிட்டுச் சிகிச்சையை மறுக்க நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வைக்கவேண்டும்.

நடைமுறையில், உயர் கிரேடு நோய், உடல் தாங்கும் வயது என்றால் கீமோ கொடுப்பதையே சர்கோமா எனப்படும் எலும்பு, மென்திசுப் புற்றுகளைக் கையாளும் பெரும்பாலான குழுக்கள் விரும்புகின்றன. அதை நானும் சரியென்றே நினைக்கிறேன். அறுவைக்கு முன்பே கொடுத்தால் இன்னொரு தகவலும் கிடைக்கிறது. அகற்றிய கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்தது என்று எடுத்துக்கொள்வோம். காலில் இது வலுவான நல்ல அறிகுறி. தாடையில் அவ்வளவு நல்ல பதில் கிடைப்பது குறைவு. அதனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்று சுத்தமாக வெட்டி எடுக்கக்கூடிய மேல்தாடைக் கட்டி, மருந்துக்குப் பணியாமல் கீமோ நடக்கும்போதே மண்டையோட்டு அடித்தளத்தைத் தொட்டுவிட்டால், இருந்த வாய்ப்பும் போய்விடும். முதலில் அறுவையா கீமோவா என்பதை அறுவை மருத்துவரும் கீமோ மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வது இதற்காகத்தான்.

கிரேடைப் பற்றிக் கொஞ்சம். குறைந்த கிரேடு ஆஸ்டியோசர்கோமா மெதுவாக வளரும், அறுவை மட்டுமே போதும், பல வருடம் நன்றாக இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அது மைக்ராஸ்கோப்பில் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற சாதுவான எலும்புக் கோளாறைப் போலவே தெரியும். எம்டிஎம்2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று சோதித்துப் பிரிக்கிறோம். உயர் கிரேடிலோ வேறொரு வலை. தாடை ஆஸ்டியோசர்கோமாவில் குருத்தெலும்பு நிறைய உருவாக்கும் ரகம் அதிகம். பயாப்ஸியில் கிடைத்த துளி முழுக்கக் குருத்தெலும்பாக இருந்தால், சாதாரணக் குருத்தெலும்புக் கட்டி என்று எழுதிவிட வாய்ப்புண்டு. தாடையில் சாதுவான குருத்தெலும்புக் கட்டி என்பது மிக மிக அபூர்வம். அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கண்டால் முதலில் சந்தேகப்படவேண்டும் என்று என் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்லைடுகளை எலும்புக் கட்டிகளில் அனுபவமுள்ள இன்னொருவரிடம் காட்டுவது டாக்டரை அவமதிப்பது ஆகாது. நல்ல டாக்டர் அதை வரவேற்பார்.

அளவு, வயது, பரவல் ஆகியவை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். கட்டி பெரிதாக இருந்தால் மோசம், வயது கூடினால் மோசம், வரும்போதே நுரையீரலில் முடிச்சுகள் இருந்தால் மிகவும் மோசம். எலும்புப் புற்றின் ஸ்டேஜ் அளவுகோல் 8 சென்டிமீட்டரை எல்லைக்கோடாக வைத்திருக்கிறது, அது தொடை எலும்புக்குப் பொருந்தும். முகத்தில் 4 சென்டிமீட்டரே பெரிய கட்டிதான். எனவே 'ஸ்டேஜ் குறைவு' என்ற சொல்லை மட்டும் வைத்து நிம்மதி அடையவேண்டாம்.

முன்பு கதிர்வீச்சு பெற்ற இடத்தில், பல ஆண்டுகள் கழித்துப் பிறக்கும் ஆஸ்டியோசர்கோமா தனிச் சோகம். குழந்தைப் பருவத்தில் விழித்திரைப் புற்றுக்கு, அதாவது ரெட்டினோபிளாஸ்டோமாவுக்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்கள், குறிப்பாக ஆர்பி1 மரபணுக் கோளாறைப் பிறவியிலேயே சுமப்பவர்கள், இந்த ஆபத்தில் இருக்கிறார்கள். வயதானவர்களில் பேஜட் நோய் (எலும்பு தாறுமாறாக வளர்ந்து உருமாறும் கோளாறு) வந்த எலும்பிலும் இது முளைக்கும். இரண்டுமே புதிதாக வரும் நோயைவிட மோசமாகப் போகின்றன. முதல் வகையில் அந்த இடம் ஏற்கெனவே கதிர்வீச்சை வாங்கித் தீர்த்திருக்கும், திசு ஆறுவதும் கடினம், சிகிச்சையாளரின் கையில் மிஞ்சுவது குறைவு.

இதுவரை சொன்னதில் பாதி, நோயாளி எங்களிடம் வந்து சேருவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. எந்த எலும்பு, என்ன கிரேடு, எந்த வயது என்பதை யாரும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது முதல் சில வாரங்கள்தான். அதில்தான் அநியாயமாக நாள் போகிறது. இந்த நோய் பல் வலியாக வேஷம் போடும். சொத்தையே இல்லாத பல் ஆடும். ஈறு வீங்கும், ஆன்டிபயாடிக் கேட்காது. கீழுதடும் தாடை நுனியும் மரத்துப்போகும். பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது, அதிலிருந்து சதை வளரும். அப்படி வளர்ந்துவிட்டால் அறுவையில் அகற்றவேண்டிய பரப்பும் கூடிவிடும். பல் எக்ஸ்ரேயில் ஒரு முன்னறிவிப்பு உண்டு: பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய கருங்கோடு ஓரிரு பற்களில் மட்டும் சீராக அகன்றிருக்கும். காரிங்டனும் அவருடைய சகாக்களும் 1967இல் இதை விவரித்தார்கள், இன்றும் அவர் பெயராலேயே அந்த அறிகுறியைச் சொல்கிறோம். பல் மருத்துவர்கள் இதைப் படித்திருப்பார்கள், ஆனால் அவர்களுடைய மொத்த வாழ்நாளில் ஒரு முறைகூட இந்த நோயை நேரில் பார்க்காமல் போகலாம். அடிபடாமல், பல்லில் காரணம் இல்லாமல் உதடு மரத்துப்போனால் அதை எக்ஸ்ரேயோடு விட்டுவிடக் கூடாது, ஸ்கேன் எடுக்கவேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்த பிறகு போகவேண்டிய இடம் சர்கோமாவைத் தொடர்ந்து கையாளும் குழு இருக்கும் மையம். பயாப்ஸியைக்கூட அங்கேயே எடுப்பது நல்லது. ஏனென்றால் ஊசியோ கத்தியோ போன பாதையையும் பிறகு கட்டியோடு சேர்த்து அகற்றவேண்டும். அந்தப் பாதையை அறுவை செய்யப்போகிறவர்தான் தீர்மானிக்கவேண்டும். எங்கோ அவசரமாக ஓர் இடத்தில் பாதி சுரண்டி எடுத்துவிட்டு, புற்று என்று தெரிந்தபின் அனுப்பிவைக்கப்படும் நோயாளிக்கு, கட்டியின் எல்லை எது என்று யாருக்குமே தெரியாமல் போகிறது. முதல் அறுவையில் கிடைக்கும் வாய்ப்பு இரண்டாவதில் அப்படியே கிடைப்பதில்லை.

மற்ற வகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மண்டையோட்டு அடித்தளத்தில் வரும் காண்ட்ரோசர்கோமாவும் கார்டோமாவும் ஸ்கேனில் அண்ணன் தம்பி போலத் தெரியும். குறைந்த கிரேடு காண்ட்ரோசர்கோமாவை முடிந்தவரை எடுத்துவிட்டு புரோட்டான் கதிர்வீச்சு கொடுத்தால் 90 சதவீதத்துக்கும் மேல் அது அடங்கியே இருக்கிறது. கார்டோமா அதே இடம், அதே சிகிச்சை, ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது. பிராக்யூரி என்ற புரதத்துக்குச் சாயமிட்டால் கார்டோமாவில் அது பிடிக்கும், மற்றதில் பிடிக்காது. ஒரே ஒரு ஸ்லைடில் குடும்பத்துக்குச் சொல்லவேண்டிய செய்தியே மாறிவிடுகிறது. யூயிங் சர்கோமாவில் நிலைமை வேறு, அதற்குக் கீமோதான் முதுகெலும்பு, கதிர்வீச்சுக்கும் நன்றாகப் பணியும்.

அறுவை முடிந்து மார்ஜின் சுத்தம் என்று வந்த பிறகும் கண்காணிப்பு தொடரவேண்டும். தாடை ஆஸ்டியோசர்கோமா திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். அதைக் கடந்தவர்களுக்கு, முதல் நாள் படித்த சதவீதம் பொருந்தாது, அவர்களுடைய வாய்ப்பு அதைவிட நிச்சயம் மேல். திரும்பினாலும், சீக்கிரம் கண்டுபிடித்து மறுபடி முழுதாக எடுக்க முடிந்தவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலில் ஓரிரு முடிச்சு மட்டும் வந்து, அதை வெட்டி எடுத்தபின் நீண்ட நாள் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாமே எவ்வளவு சிறிதாக இருக்கும்போது பிடிபடுகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு உதவும் ஒரு காரியத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புண் ஆறிய பிறகு, சிகிச்சை முடிந்த சில மாதங்களுக்குள், ஒப்பீட்டுக்காக ஒரு ஸ்கேன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பொருத்திய எலும்பு, டைட்டானியம் தட்டு, திருகுகள், தழும்பு எல்லாம் சேர்ந்து படத்தைக் குழப்பும். ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு வெண்மை தெரியும்போது, அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததா, புதிதாக வந்ததா என்று சொல்ல ரேடியாலஜிஸ்ட்டுக்கு அந்தப் பழைய படம் வேண்டும். ஸ்கேன் படங்களையும் ஸ்லைடுகளையும் திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குகளையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு மையத்துக்கு மாறவேண்டி வந்தால் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.